எதைப் பாதுகாக்கிறோம்?

கங்கையின் மேற்குக் கரையில் அமைந்துள்ள பேலூர் மடத்திற்கு வரும் யாத்திரிகர்கள், ஸ்ரீராமகிருஷ்ணரின் திருக்கோயிலை வழிபட்ட பின்னர் மடத்திலுள்ள ஸ்ரீராமகிருஷ்ண அருங்காட்சியகத்தையும் காணச் செல்வதுண்டு. 2001-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த இரண்டு தளக் கட்டிடத்தில் குருதேவரும் தூய அன்னை ஸ்ரீசாரதாதேவியாரும் சுவாமி விவேகானந்தரும் மற்றச் சீடர்களும் பயன்படுத்திய பொருள்கள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. சுவாமிஜி மேலைநாட்டில் அணிந்திருந்த நீண்ட அங்கி அங்கே இருக்கிறது. குருதேவருக்குப் பாடிக் காட்டுவதற்காக அவர் மீட்டிய தம்புரா இருக்கிறது. 1911-இல் அன்னை சென்னை, மதுரை, பெங்களூர் முதலிய இடங்களுக்கு யாத்திரை வந்தபோது பயன்படுத்திய பொருள்கள் இருக்கின்றன. சுவாமிஜி சொற்பொழிவாற்றிய சென்னை விக்டோரியா அரங்கின் மரப்படிக்கட்டும் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டுள்ளது.

இத்தனை பொருள்களுக்கு நடுவே கருங்கல்லால் ஆன ஒரு கிண்ணம் இருக்கிறது. தொண்டைப் புற்றுநோயால் துன்புற்ற கடைசி நாட்களில் குருதேவர் பாயசம் அருந்திய கிண்ணம் அது. அவர் தலை சாய்த்த தலையணையும் அங்கே உள்ளது. பக்தர்கள் பலர் அவற்றின்முன் சற்று நேரம் பேச்சின்றி நிற்கிறார்கள். சிலரது கண்கள் கலங்குகின்றன. சிலர் கைகூப்பி வணங்கிவிட்டு அடுத்த காட்சிக்கு நகர்கிறார்கள்.

சிந்திக்கத் தெரிந்த ஒருவரின் மனத்தில் அந்த இடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். உலகம் நாம ரூபங்களின் கோவை, தோன்றி மறைவது என்கிறது வேதாந்தம். உடம்பே நிலையற்றது என்னும்போது, அந்த உடம்பு பயன்படுத்திய கிண்ணமும் தலையணையும் எம்மாத்திரம்? அதிலும், நாணயத்தைத் தொட்டால் கை மரத்துப்போன ஒருவரின் பொருள்களைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காப்பது அவரது துறவுக்கே முரணானது அல்லவா?

இது நாத்திகர் எழுப்பும் கேள்வி மட்டுமன்று. சாதகரும் எழுப்ப வேண்டிய கேள்வி. இதற்கு விடை காணாமல் அருங்காட்சியகத்தைச் சுற்றி வருபவர் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவார். விடை கண்டவருக்கு அதே சுற்று தீர்த்த யாத்திரையாகிவிடும்.

இரண்டு வாரிசுகள்

குரு பிரிந்து செல்லும்போது அவர் விட்டுச் செல்பவற்றை என்ன செய்வது என்ற கேள்வி புதியதன்று. பிருகதாரண்யக உபநிடதத்திலேயே அது வந்துவிட்டது. யாக்ஞவல்கிய முனிவர் இல்லறத்தைத் துறந்து புறப்படத் தயாராகிறார். தம் செல்வத்தைக் காத்யாயனி, மைத்ரேயி என்னும் இரு மனைவியருக்கும் பிரித்துக் கொடுக்க விரும்புகிறார். உலகம் முழுவதும் செல்வமாக வந்து குவிந்தாலும் அதனால் மரணமற்ற நிலை கிட்டுமா என்று மைத்ரேயி கேட்கிறாள். கிட்டாது என்கிறார் முனிவர். அப்படியானால் எனக்கு அது எதற்கு, நீங்கள் அறிந்ததை எனக்குச் சொல்லுங்கள் என்று அவள் வேண்டுகிறாள். செல்வத்தைத் துறந்து செல்பவர் அந்தச் செல்வத்தைவிட மேலான ஒன்றைக் கண்டிருக்க வேண்டும் என்பதை அவள் ஊகித்துக்கொண்டாள்.

முனிவரின் உபதேசம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எந்தப் பொருளும் அந்தப் பொருளுக்காகவே நமக்குப் பிரியமானதாக இல்லை, ஆன்மாவின் பொருட்டே அனைத்தும் பிரியமாகின்றன என்பது அதன் சாரம். இந்தக் கருத்தைக் கருங்கல் கிண்ணத்தின்முன் பொருத்திப் பார்க்கலாம். கல் என்ற அளவில் அந்தக் கிண்ணத்திற்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. வங்காளத்தின் எத்தனையோ வீடுகளில் அதைப் போன்ற கிண்ணங்கள் புழங்கியிருக்கும். ஆயினும் அதன்முன் நிற்பவரின் உள்ளம் நெகிழ்கிறது என்றால், அந்த நெகிழ்ச்சி கல்லிலிருந்து வரவில்லை. கல்லைக் கடந்த ஒன்று தம்மைத் தொட்டிருப்பதை அவர் உணர்கிறார். அந்த ஒன்று எது என்று அவர் கேட்கத் தொடங்கினால் மைத்ரேயியின் வழியில் அடியெடுத்து வைத்தவராகிறார்.

ஆகவே குருவின் பொருள்களைக் காண வருவோருக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. பொருளோடு நின்றுவிடலாம், பொருளின் வழியாக அதைப் பயன்படுத்தியவர் கண்ட மெய்ப்பொருளை நாடலாம். அருங்காட்சியகம் இருவருக்கும் ஒரே கதவைத்தான் திறந்துவைக்கிறது.

உடைமையற்றவரின் பொருள்கள்

குருதேவர் பயன்படுத்தியவற்றை அவருடைய உடைமைகள் என்று சொல்வதுகூட அவ்வளவாகப் பொருந்தாது. இதை உணர்வதற்கு அவர் வாழ்ந்த அறைக்குச் செல்ல வேண்டும்.

பேலூரிலிருந்து வடக்கே, கங்கையின் எதிர்க் கரையில் தட்சிணேஸ்வரக் காளி கோயில் இருக்கிறது. ராணி ராசமணியால் கட்டப்பட்டு 1855-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் குடமுழுக்கு கண்ட கோயில் அது. பன்னிரண்டு சிவாலயங்களின் வரிசைக்கு வடக்கே, முற்றத்தின் வடமேற்கு மூலையில் உள்ள அறையில் குருதேவர் ஏறத்தாழ 14 ஆண்டுகள் வாழ்ந்தார். மேற்கே கங்கையை நோக்கிய அரைவட்டத் தாழ்வாரம். அறைக்குள் இரண்டு கட்டில்கள். ஒன்று படுப்பதற்கு, சிறியது அமர்வதற்கு. சுவரில் தெய்வப் படங்கள். நீரில் மூழ்கும் பீட்டரை ஏசுநாதர் கைகொடுத்துத் தூக்கும் படம் ஒன்றும் அவற்றிடையே இருந்தது. அருங்காட்சியகத்தில் இந்த அறை மாதிரியாக அமைக்கப்பட்டு, அவர் அணிந்த ஆடைகளும் பயன்படுத்திய பிற பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன.

அந்த அறையின் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவரது படுக்கை விரிப்பு அழுக்காக இருந்ததைக் கண்ட லட்சுமிநாராயணர் என்ற மார்வாரி பக்தர், அவரது தேவைகளுக்காகப் பத்தாயிரம் ரூபாயை ஒதுக்கிவைக்க முன்வந்தார். அதைக் கேட்ட அளவிலேயே குருதேவர் பெரும் வேதனைக்கு உள்ளானார். அன்னையின் பெயரில் வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, தாம் ஏற்பதும் அவர் ஏற்பதும் ஒன்றே என்று கூறி அன்னையும் மறுத்துவிட்டார். பத்தாயிரம் ரூபாய் அறைக்குள் வரவில்லை.

அதே படுக்கையின் அடியில் நரேந்திரர் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். குருவைச் சோதிப்பதே அவரது நோக்கம். வந்து அமர்ந்த குருதேவர் ஏதோ கொட்டியதுபோல் துடித்து எழுந்தார். படுக்கையை உதறியபோது நாணயம் தரையில் விழுந்தது. சம்பு மல்லிக்கின் தோட்டத்திலிருந்து வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகச் சிறிது அபினை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, பழகிய பாதையே அவருக்குப் புலப்படாமல் போயிற்று. அதைத் திருப்பிக் கொடுத்த பிறகே வழி தெரிந்தது. மதுர்பாபு ஆயிரம் ரூபாய்க்கு வாங்கித் தந்த சால்வையை முதலில் குழந்தையைப்போல் மகிழ்ந்து அணிந்துகொண்டார். பிறகு இறைவனை அடைய இது எந்த விதத்தில் உதவும், அகந்தையைத்தானே வளர்க்கும் என்று ஆராய்ந்து, தரையில் எறிந்து காலால் மிதித்தார், எரிக்கவும் முற்பட்டார். செய்தியறிந்த மதுர்பாபு, அவர் செய்தது சரியே என்றார்.

இவற்றைக் கேட்பவர்கள், குருதேவர் பொருள்களை வெறுத்தார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. யோகின் என்ற இளம் சீடர் கடைக்காரரை நம்பி ஓர் இரும்புச் சட்டியை வாங்கிவந்தார். வீட்டில் வந்து பார்த்தால் அதில் விரிசல். குருதேவர் அவரைக் கடிந்துகொண்டார். பக்தனாக இருப்பதற்காக ஒருவன் முட்டாளாக இருக்க வேண்டியதில்லை. பொருளைச் சோதித்து, விலை விசாரித்தே வாங்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். அன்னையின் வாழ்விலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பெருக்கி முடித்த பெண்மணி ஒருவர் துடைப்பத்தை அலட்சியமாக ஒரு மூலையில் எறிந்தபோது, துடைப்பத்திற்கும் உரிய மதிப்பு உண்டு, அதை முறையாக வைக்க வேண்டும் என்று அன்னை திருத்தினார்.

ஆயிரம் ரூபாய்ச் சால்வை மிதிபடுகிறது, துடைப்பம் மதிக்கப்படுகிறது. விலையைக் கொண்டு அளப்பவருக்கு இது புரியாது. சால்வையோடு 'எனது' என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டு வந்தது. சாத்திரங்கள் மமகாரம் என்று குறிப்பிடும் அந்த எண்ணத்தையே குருதேவர் மிதித்தார். துடைப்பத்தில் அத்தகைய எண்ணம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அது செய்ய வேண்டிய வேலை மட்டுமே இருந்தது. துறவு பொருளை அழிப்பதில்லை. பொருளுக்கும் நமக்கும் இடையே நாம் கட்டிவைத்துள்ள உரிமையை அழிக்கிறது. அந்த உரிமை நீங்கிய பிறகு எந்தப் பொருளும் அதற்குரிய இடத்தில் தூய்மையாக இருக்கிறது. குருதேவரின் அறைப் பொருள்கள் இன்றும் வணங்கப்படுவதற்கு இதுவே காரணம். அவை உடைமை என்ற கறை படியாதவை.

அதே கோயில் வளாகத்தில் நஹபத் என்னும் நாதசுர மண்டபமும் உள்ளது. அதன் கீழ்த்தளத்தில் எண்கோண வடிவில் ஒரு சிற்றறை. தரைப்பரப்பு ஏறத்தாழ 50 சதுர அடி. அன்னை பல ஆண்டுகள் அங்கேதான் தங்கி, சமைத்து, வந்தவர்களையும் தங்கவைத்தார். தட்டியில் இருந்த சிறு துவாரத்தின் வழியாகக் குருதேவரின் அறையில் நடக்கும் கீர்த்தனைகளையும் ஆனந்த நடனத்தையும் நின்றபடியே கண்டு மகிழ்ந்தார். இந்த அறைக்குள் குனிந்து நுழையும் யாத்திரிகர் அங்கே பெரிதாக எதையும் காண்பதில்லை. ஆனால் வாழ்வதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அதுவரை தாம் கொண்டிருந்த கணக்கைத் திரும்பிப் பார்க்காமல் அவர் வெளியே வர முடியாது.

அஸ்தியும் படுக்கையும்

1885 டிசம்பரில் குருதேவர் காசிப்பூர்த் தோட்ட வீட்டிற்கு அழைத்துவரப்பட்டார். மாத வாடகை 80 ரூபாய். அதைச் சுரேந்திரர் ஏற்றுக்கொண்டார். அன்னை பத்திய உணவைத் தம் கையாலேயே தயாரித்து மாடிக்கு எடுத்துச் செல்வார். ஒருமுறை பால் நிறைந்த பாத்திரத்துடன் படியேறுகையில் தடுமாறி விழுந்தார்; கணுக்காலில் பலத்த காயம். சில நாட்கள் மாடிக்கே போக முடியவில்லை. இளம் சீடர்கள் இரவும் பகலும் முறைவைத்துத் தொண்டு செய்தனர். கருங்கல் கிண்ணத்தைப் பார்க்கும்போது, அதை நிரப்பியவர்களும் ஏந்தியவர்களும் உடன் நினைவுக்கு வர வேண்டும்.

1886 ஆகஸ்ட் 16-ஆம் நாள் குருதேவர் மகாசமாதி அடைந்தார். எதைப் பாதுகாப்பது என்ற கேள்வி அப்போது வேதனையான வடிவில் எழுந்தது. அவரது அஸ்தியைக் காங்குர்காச்சித் தோட்டத்தில் நிறுவ வேண்டும் என்று மூத்த இல்லற பக்தர்கள் சிலர் கருதினர். கங்கைக் கரையில் நிறுவ வேண்டும் என்றும், தங்களிடமே அது இருக்க வேண்டும் என்றும் இளம் துறவிகள் எண்ணினர். பேச்சு தடித்தது. நரேந்திரருக்கு அப்போது வயது 23. அவர் சகோதரச் சீடர்களை அமைதிப்படுத்தினார். குருவின் அஸ்திக்காகச் சீடர்கள் சண்டையிட்டார்கள் என்ற பழி வரக் கூடாது. அவர் காட்டிய இலட்சியத்தின்படி நம் வாழ்க்கையை அமைத்துக்கொள்வதே நமது கடமை என்ற கருத்தை எடுத்துரைத்தார். அஸ்தியின் பெரும்பகுதியை இளம் சீடர்கள் ஏற்கெனவே தனியே எடுத்துப் பலராம் போஸின் இல்லத்தில் பாதுகாத்திருந்தனர். எஞ்சியதைச் சுமந்துகொண்டு கிருஷ்ண ஜயந்தி நாளில் எல்லாரும் ஒன்றாகவே காங்குர்காச்சிக்குச் சென்றனர்.

காசிப்பூர் வீட்டைக் காலி செய்தபோது குருதேவரின் படுக்கையும் அவர் பயன்படுத்திய பிற பொருள்களும் வைக்க இடமின்றி நின்றன. வீட்டைத் துறந்த இளைஞர்களுக்கும் தங்க இடமில்லை. இவ்விரண்டுக்குமாகச் சுரேந்திரர் வாடகை கொடுக்க முன்வந்தார். வராகநகரில் பாழடைந்த வீடு ஒன்று கிடைத்தது. அதன் ஓர் அறையில் குருதேவரின் படுக்கை விரிக்கப்பட்டு, அவரது படமும் அஸ்தியும் வைக்கப்பட்டன. மற்ற அறைகளில் பட்டினியோடும் தியானத்தோடும் ஒரு துறவியர் கூட்டம் வாழத் தொடங்கியது. ஸ்ரீராமகிருஷ்ண சங்கத்தின் முதல் மடம் இவ்வாறு உருவாயிற்று.

அந்த அறையின் பொறுப்பை சசி ஏற்றார். பின்னாளில் சென்னை மடத்தை நிறுவிய சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அவரே. குருதேவர் அங்கே உயிருடன் இருக்கிறார் என்பது அவரது அசையாத நம்பிக்கை. புழுக்கமான இரவுகளில் எழுந்து படத்திற்கு விசிறுவார். குருவுக்கு நிவேதிக்காமல் எதையும் உண்ண மாட்டார். அவர் செய்தது நினைவுப் பொருள்களைப் பராமரிக்கும் பணியன்று. வாழும் குருவுக்குச் செய்யும் பணிவிடை. அந்தத் தொண்டால் பக்குவப்பட்ட மனமே 1897-இல் சென்னைக்கு வந்தது. இங்கே வகுப்புகள் நடத்தியும் ஏழை மாணவர்களுக்கு ஆதரவு அளித்தும் தம்மையே தேய்த்துக்கொண்டது. படுக்கைக்கு விசிறிய கைக்கு, பசித்த சிறுவனுக்குச் சோறிடவும் தெரிந்திருந்தது.

தோளில் சுமந்தவர்

பொருளைப் போற்றுவதா, கடந்து செல்வதா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடையைச் சுவாமிஜியின் வாழ்வில் காணலாம். அந்த விடை பெரும்பாலும் 1898 என்ற ஒரே ஆண்டில் அடங்கிவிடுகிறது.

அந்த ஆண்டின் மார்ச் மாதத்தில் பேலூரில் மடத்திற்கான நிலம் வாங்கப்பட்டது. குருவின் அஸ்திக்கு நிலையான இடம் வேண்டும் என்று சுவாமிஜி ஏங்கிக் காத்திருந்த ஆண்டுகள் பல. இரண்டு மாதம் கழித்துக் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியது. நிவாரணப் பணிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சகோதரத் துறவி ஒருவர் கேட்டபோது, தேவைப்பட்டால் புதிய மடத்து நிலத்தை விற்றுவிடுவோம் என்றார் சுவாமிஜி. அந்த நிலை ஏற்படவில்லை. பணம் வேறு வழியில் கிடைத்தது. ஆனால் அவர் சொன்னது வெறும் பேச்சன்று.

அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள். வாடகை மடமாக இருந்த நீலாம்பர் பாபுவின் தோட்ட வீட்டிலிருந்து புதிய நிலத்திற்கு, 'ஆத்மாராமர்' என்று துறவியர் அழைக்கும் அஸ்திக் கலசத்தைச் சுவாமிஜி தம் வலது தோளில் சுமந்து சென்றார். தோளில் தூக்கி எங்கே கொண்டு சென்றாலும் அங்கே வந்து இருப்பேன் என்று குருதேவர் முன்பு தமக்கு வாக்களித்திருந்ததை வழியில் சீடரிடம் நினைவுகூர்ந்தார். புது நிலத்தில் கலசத்தை வைத்துத் தரையில் விழுந்து வணங்கினார்.

ஏழு மாத இடைவெளியில் ஒரே மனிதர் அந்த நிலத்தை விற்கவும் தயாராக இருந்தார். அதே நிலத்தில் குருவை நிறுவி நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்தும் வணங்கினார். இவ்விரண்டும் அவருக்கு ஒன்றே. நோயாளியின் உருவில் இருக்கும் சிவனுக்கும் கலசத்தில் இருக்கும் குருவுக்கும் அவர் வேற்றுமை காணவில்லை. ஜீவனைச் சிவனென்று அறிந்து தொண்டு செய்ய வேண்டும் என்ற உபதேசத்தை 1884-இல் தட்சிணேஸ்வர அறையில்தான் அவர் கேட்டிருந்தார். அந்த அறையின் விலைமதிப்பற்ற பொருள் என்று ஏதேனும் உண்டென்றால் அது அந்தச் சொல்லே. அதை நரேந்திரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு நிகழ்ச்சியையும் இத்துடன் சேர்த்துக் காண வேண்டும். இமயமலையில் மாயாவதி என்ற இடத்தில் அத்வைத சாதனைக்கென்றே 1899-இல் ஓர் ஆசிரமம் நிறுவப்பட்டது. உருவ வழிபாடு அங்கே இருக்கக் கூடாது என்பது விதி. 1901 ஜனவரியில் அங்கே சென்ற சுவாமிஜி, ஓர் அறையில் குருதேவரின் படம் வைத்துப் பூஜை நடப்பதைக் கண்டு கடிந்துகொண்டார். பிறகு அந்தப் பூஜை நிறுத்தப்பட்டது. இதுபற்றி அன்னையிடம் விளக்கம் கேட்கப்பட்டபோது, குருதேவர் அத்வைதியே, ஆகவே அவரது சீடர்களும் அத்வைதிகளே என்ற கருத்தில் அவர் பதிலளித்தார். குருவின் அஸ்தியைத் தோளில் சுமந்தவரே குருவின் படத்தை ஓர் இடத்தில் வேண்டாம் என்கிறார்; குருவின் துணைவியாரும் அதை ஆமோதிக்கிறார். படியின் பயனை அறிந்தவர்களுக்கே, படியில்லாமல் ஏறுபவரையும் புரிந்துகொள்ள முடிகிறது.

குறியீடும் மெய்ப்பொருளும்

பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் இந்தப் பிரச்சினையை ஆராய்கிறது. மனம், சூரியன் முதலிய குறியீடுகளைக் கொண்டு தியானிப்பவர், குறியீட்டைப் பிரம்மமாகக் காண வேண்டுமா, பிரம்மத்தைக் குறியீடாகக் காண வேண்டுமா என்பது கேள்வி. தாழ்ந்ததை உயர்ந்ததாகக் காண்பதே முறை என்பது அங்கே காணப்படும் முடிவு. ஆதிசங்கரர் இதற்கு உலகியலில் இருந்தே விளக்கம் தருகிறார். அரசனின் பணியாளை அரசனாகக் கருதி மரியாதை செய்தால் நன்மை உண்டு. அரசனைப் பணியாளாகக் கருதி நடத்தினால் கேடு விளையும்.

இந்த அளவுகோல் அருங்காட்சியகத்திற்கும் பொருந்தும். கிண்ணத்தில் தொடங்கி, அதில் உண்டவரின் தியாகத்தை நினைந்து, அந்தத் தியாகத்திற்கு ஆதாரமான இறையனுபவத்தை நாடுவது கிண்ணத்தை உயர்த்துவதாகும். அது உபாசனை. மாறாக, எல்லையற்ற அந்த அனுபவத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் அடைத்து, பார்த்தாயிற்று, வணங்கியாயிற்று என்று மனநிறைவு கொள்வது அரசனைப் பணியாளாக்குவது. தேடிப் பாதுகாத்து வைப்பவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு. பொருள்களைச் செல்லரிக்காமல் காக்கும் கலையில் வல்லவராகி, அவை எதற்காகக் காக்கப்படுகின்றன என்பதை மறந்துவிடுவது எளிது. காப்பவரும் காண வருபவரும் ஒரே விழிப்புடன் இருக்க வேண்டியுள்ளது.

அத்தகைய விழிப்புக்குச் சுவாமிஜியின் அறை துணைபுரிகிறது. பேலூர் மடத்தின் பழைய கட்டிடத்தில், மாடியில், கங்கையை நோக்கியபடி அந்த அறை இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1902 ஜூலை 4-ஆம் நாள் இரவு அங்கே அவர் உடலை நீத்தார். அப்போது அவருக்கு 40 வயதுகூட நிறையவில்லை. அறையைக் காண்பவர்கள் பெரும்பாலும் அந்த இரவை நினைக்கிறார்கள். அன்றைய பகலையும் நினைப்பது நல்லது. காலையில் பூஜையறையின் கதவுகளைச் சாத்திக்கொண்டு நீண்ட நேரம் தியானம் செய்தார். பிற்பகலில் பிரம்மசாரிகளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் சமஸ்கிருத இலக்கணம் கற்பித்தார். மாலையில் சுவாமி பிரேமானந்தருடன் வெகுதூரம் நடந்து, வேதக் கல்லூரி ஒன்று நிறுவுவதுபற்றிப் பேசினார். உடல் நலிந்த நிலையிலும் கடைசி நாளைச் சீடர்களுக்குக் கொடுத்துவிட்டே அவர் அந்த அறைக்குத் திரும்பினார்.

கிண்ணம் நிறையும் இடம்

அப்படியானால் குருவின் அறையையும் பொருள்களையும் காணச் செல்பவர் என்ன செய்ய வேண்டும்? விரைந்து எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலை முதலில் விட வேண்டும். ஏதேனும் ஒரு பொருளின்முன் நின்று, இதைப் பயன்படுத்தியவர் இதை எவ்வாறு நினைத்தார், நான் என் பொருள்களை எவ்வாறு நினைக்கிறேன் என்று தம்மையே கேட்டுக்கொள்வது போதும். வீடு திரும்பிய பின் தமது அலமாரியைத் திறக்கும்போது இந்தக் கேள்வி மீண்டும் வருமானால் யாத்திரை பலித்தது என்று கொள்ளலாம். எல்லாரும் எல்லாவற்றையும் துறந்துவிட முடியாது. குருதேவர் இல்லறத்தாரிடம் அதை எதிர்பார்க்கவும் இல்லை. செல்வர் வீட்டுப் பணிப்பெண் அந்த வீட்டுக் குழந்தைகளைத் தன் குழந்தைகள்போல் வளர்த்தாலும், அவை தனக்குரியவை அல்ல என்பதை உள்ளத்தில் அறிந்திருக்கிறாள். இல்லறத்தார் அவ்வாறு வாழ வேண்டும் என்று அவர் உபதேசித்தார். பொருள்கள் இருக்கலாம். அவற்றின்மீது எழுதிவைத்துள்ள நம் பெயரைச் சிறிது சிறிதாக அழித்துக்கொண்டு வர வேண்டும்.

மீண்டும் அந்தக் கருங்கல் கிண்ணத்திடம் வருவோம். நோய் முற்றி, விழுங்குவதே வேதனையாகிவிட்ட நாட்களில், சிறிதாவது உண்ண முடியும்படி அன்னை காளியிடம் பிரார்த்திக்குமாறு நரேந்திரர் குருதேவரை வற்புறுத்தினார். தமக்காக எதையும் கேட்டறியாத குருதேவர், சீடரின் பிடிவாதத்திற்கு இணங்கிப் பிரார்த்தித்தார். பிறகு நரேந்திரர் ஆவலோடு விசாரித்தபோது, இத்தனை வாய்களால் உண்டுகொண்டுதானே இருக்கிறாய் என்று எல்லாரையும் சுட்டிக்காட்டிக் காளி கேட்டுவிட்டாள், நாணத்தால் மேற்கொண்டு பேச முடியவில்லை என்றார்.

இந்த நிகழ்ச்சியை அறிந்தவருக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம் வெறுமையாகத் தோன்றாது. எங்கெல்லாம் பசித்த ஒருவருக்கு உணவும், நோயுற்ற ஒருவருக்கு மருந்தும், கல்வியற்ற ஒருவருக்கு எழுத்தும் வழங்கப்படுகின்றனவோ, அங்கெல்லாம் அது நிறைகிறது. ஒரு கிண்ணத்தைப் பாதுகாப்பது துறவியர் சிலரால் இயலும் பணி. அதை நிரப்பும் பணியோ ஒவ்வொருவருக்கும் உரியது. அதற்குப் பேலூர் வரை செல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. வாசலில் வந்து நிற்பவர் யாரென்று அறிந்துகொண்டால் போதும். அந்த அறிவையும், அறிந்தபடி நடக்கும் வலிமையையும் குருதேவர் நம் அனைவருக்கும் அருள்வாராக!